சக்களத்திக்கு நம்பர் பிளேட்

1

என் சக்களத்தி கப்பலில் வந்தாள். நான் ஏரோப்ளேனில் வந்தேன். அந்த ஒன்றில்தான் நான் அவளைவிட உசத்தி. மற்றபடி எங்கள் இரண்டு பேர் பாடும் ஒன்றுதான். வயதாகிவிட்டது, அசைந்தால் மூட்டு சத்தம் போடுகிறது, இந்தக் கனடா நாட்டு ஆபீஸ்காரர்கள் கேட்கிற தாளில் ஏதாவது ஒன்று எப்போதும் குறைகிறது.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். என் வீட்டுக்காரர் மவுத்தாகி சில வருடங்கள் ஆகின்றன. இப்போது போய் அவர் மேல் புகார் கொடுக்க வரவில்லை. சக்களத்தி என்று நான் சொல்வது ஒரு வண்டியை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய வண்டி, பாலைவன மணலில் ஓடுகிற சாதி. அரபு நாட்டில் ஓர் அரபியின் ஒட்டகப் பண்ணையில் அவர் அதை ஓட்டினார். அவர் ஊர் திரும்பும்போது, "நீயே வச்சுக்க" என்று அரபி அதை அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டான். அதே நாட்டில் வேலை பார்த்த எங்கள் மகன் சாதிக்கிடம் அதை விட்டுவிட்டு இவர் வந்தார்.

சாதிக் கனடாவுக்குக் குடும்பத்தோடு குடியேறியபோது என்னையும் கூட்டிக்கொண்டான். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டான். "பெத்த தாயும் வேணும், சின்னம்மாவும் வேணுமாடா ஒனக்கு?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "அத்தா வண்டிம்மா" என்றான்.

இப்போது அவள் வாசலில் பனியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தற்காலிக அனுமதி. இந்த மாதம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். அதற்குள் சோதனையில் தேறி நம்பர் வாங்க வேண்டும். நம்பர் இல்லாத வண்டியை இங்கே வாசலில்கூட வைத்துக்கொள்ள முடியாதாம்.

"பாஸாகலைன்னா?" என்று கேட்டேன்.

"காயலாங்கடைதாம்மா" என்றான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நாற்பது தாண்டியவன். அத்தா மவுத்துக்கு டிக்கெட் கிடைக்காமல், மண் கொடுக்க வர முடியாமல் போனவன். அந்த வண்டியை விட்டால் அவனுக்கு அவர் பக்கத்து மிச்சம் வேறு எதுவும் இல்லை.

2

அவர் முதலில் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். சிமெண்ட் ஆலைக்குக் கல் அடிக்கிற லாரி. நிக்காஹ் முடிந்த புதிதில் வேலை விட்டு வருவார், தலை முதல் கால் வரை வெள்ளை. "மாப்ளைய கறுப்புன்னு சொன்னாங்க, வெள்ளைக்காரராவுல்ல வந்திருக்கீங்க" என்பேன். கோபமே வராது மனுஷனுக்கு.

ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும். சில நாள் முழுக்க நிற்கும். அப்போது டிரைவர்கள் லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்துக்கொள்வார்கள். நாலு கொக்கி, ஒரு துணி. கொக்கியின் கழுத்தில் கிழிசல் துணியை இறுக்கிச் சுற்றிவிட்டுத்தான் கட்டுவார்கள், இல்லாவிட்டால் இரும்பு அறுத்துவிடும். அந்தத் தூளிக்கு என் பழைய நூல் சேலையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். நூல் சேலைதான் வேர்வையை வாங்குமாம். பாலியெஸ்டர் கொடுத்தால் எடுக்க மாட்டார்.

சாதிக் பிறந்த பிறகு வெளிநாடு போனார். எங்கள் ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. எந்தத் தெருவிலும் பாதி வீட்டு ஆம்பளைகள் அங்கேதான். ரெண்டு வருடத்துக்கு ஒரு தரம் லீவில் வருவார், ஒட்டகப் பால் மாதிரி கொஞ்சம் புளித்த வாசனையோடு. வந்த களைப்பு தீர்வதற்குள் திரும்பிவிடுவார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்னோடு இருந்ததைவிட அந்த வண்டியோடுதான் அவர் அதிக நாள் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

ஒவ்வொரு தரம் கிளம்பும்போதும் பெட்டி கட்டுகிற நேரத்தில் மெதுவாகக் கேட்பார். "ஜொகரா, பழைய நூல் சேல ஒண்ணு குடு புள்ள."

"எதுக்கு?"

"வண்டி தொடைக்கத்தான்."

"அங்க துணியே கெடைக்காதா?"

"நூல் துணின்னாதான் பளபளன்னு இருக்கும்."

"என் சேலைய எடுத்துட்டுப் போயி அவளத் தொடச்சு விடுறீங்க. எனக்கு ஒருநாளாச்சும் முதுகு தேச்சு விட்டுருப்பீங்களா?" என்பேன். சிரித்துக்கொண்டே மடித்து வைத்துக்கொள்வார். அன்றைக்கு வைத்ததுதான் அந்தப் பெயர், சக்களத்தி. லாரி ஓட்டினவரைக்கும் சேலை தூளிக்கு, இப்போது துடைக்க. எனக்கு வேறு யோசனை வரவில்லை.

நான் அஞ்சாவதோடு நின்றவள். கடிதாசி வந்தால் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த கடிதாசி வந்துவிடும். அதனால் அவர் கேசட்டில் பேசி, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். "அஸ்ஸலாமு அலைக்கும் ஜொகரா புள்ள" என்று தொடங்கும். பின்னாலேயே ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். ஊம்ம்ம் என்று, நிற்காமல், நடுவில் லேசாக ஒரு தடவை விக்கி, மறுபடி ஊம்ம்ம் என்று. அதை அவரே ஒரு கேசட்டில் சொல்லிவிட்டார். "ஒன்னுமில்ல புள்ள, ஏசி ஓடுது. குளிரு தாங்கல."

பக்கத்து வீட்டு மும்தாஜ் உட்கார்ந்து கேட்பாள். "கேளுடி, எங்க வூட்டுக்காரரு ரூம்பு ஏசி" என்று ஒலியைக் கூட்டி வைப்பேன். அவள் வீட்டுக்காரர் கேசட்டில் காற்றாடிச் சத்தம்தான் கேட்கும். எனக்கு அதில் ஒரு மிதப்பு. சின்ன மிதப்பு இல்லை, நல்ல பெரிய மிதப்பு.

கடைசியாக மொத்தமாக ஊருக்கு வந்தார். வீட்டில் தேக்குக் கட்டில் போட்டிருந்தேன். அதில் அவர் நீட்டிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. நண்டு மாதிரி சுருண்டு, முட்டியை நெஞ்சில் சேர்த்துக்கொண்டு ஓரமாகக் கிடப்பார். "மச்சான், கட்டிலு முழுசும் நம்மளுதுதான். பட்டா வாங்கியாச்சு. கால நீட்டுங்க" என்பேன். நீட்டுவார். தூங்கிப் போனதும் மறுபடி சுருண்டுவிடுவார். அவர் ஊரில் என்னோடு இருந்தது ரெண்டு நோன்பு காலம்தான். பிறகு நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

3

வண்டியை ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவந்து பதிவது என்றால் என்ன என்று பெரம்பலூர் ஆர்டிஓ ஆபீஸில் வரிசையில் நின்றவர்களுக்குக் கொஞ்சம் புரியும். அந்த வரிசையில் நாலு தடவை நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டீக்கடை கிடையாது, தெரிந்த ஆள் கிடையாது, கதவைத் திறந்தால் வாயில் பனி.

முதலில் வயது பார்த்தார்கள். நல்ல கிழவண்டியாக இருந்தால்தான் இந்த நாட்டுக்குள் லேசாக விடுவார்களாம். புது வண்டிக்கு ஆயிரம் கேள்வி. மனுஷருக்கு அப்படியே தலைகீழ். எனக்கு விசா கேட்டபோது நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், "கிழவியை எதற்குக் கூட்டிப் போகிறாய்" என்று கேட்காத குறையாகக் கேட்டார்கள். அவளை மட்டும், "ஓ, கிழவியா, உள்ளே வா" என்றார்கள். எரியுமா எரியாதா?

ஆனால் துறைமுகத்தில் அவளும் மாட்டினாள். அந்நிய மண் ஒரு சிட்டிகைகூட உள்ளே வரக் கூடாது என்பது இங்கே சட்டம். அவள் உடம்பு முழுக்க மணல். கதவு இடுக்கில் மணல், பாய்க்கு அடியில் மணல், விளக்குக்குள்ளே மணல். கழுவு என்றார்கள். கழுவினார்கள். பார்த்தால் இன்னும் மணல். மறுபடி கழுவினார்கள். சாதிக் தினமும் போனில் கேட்டுவிட்டு முகம் தொங்கி உட்காருவான். "வருசக்கணக்கா அதுலயே கெடந்தவடா, ஒரு குளிப்புல போயிடுமா?" என்றேன்.

பிறகு தாள். ஏற்றுமதித் தாள் அரபியில். அதை இங்கிலீஷில் மாற்றி, மாற்றியவர் முத்திரை வைத்து, அந்த முத்திரை செல்லும் என்று இன்னொரு முத்திரை வைத்து. சாதிக் வேலைக்குப் போய் வந்து, சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாள்களைப் பார்ப்பான். சோறு ஆறிவிடும். மருமகள் நஸ்ரின் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவாள். நான் அதைச் சூடு பண்ணி வைப்பேன். மறுபடி ஆறும். இங்கே என் வேலை அதுதான், ஆறினதைச் சூடு பண்ணுவது.

பேத்தி ஆயிஷாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும்போது தெரு முனையிலேயே இறக்கிவிடச் சொல்வாள். "நன்னி, அது உள்ள ஆடு ஸ்மெல் வருது."

"ஆடு இல்லடி, ஒட்டகம். மரியாதையா சொல்லு."

"ஏன் அத்தா அத லவ் பண்றாங்க?"

"ஒங்க நன்னாவும் அப்புடித்தான். பரம்பர வியாதி."

அவளுக்குப் பாதி புரியும். மீதிக்குப் போனைப் பார்ப்பாள். அவளோடு பேசும்போது நான் சின்னச் சின்ன வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுகிறேன், கோழிக்குப் போடுகிற மாதிரி. கொத்தினால் சந்தோஷம்.

4

சோதனைக்குப் போன அன்று வீட்டில் நான் தனியாக இருக்க வேண்டாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். அவளுக்குள் நான் ஏறியது அன்றுதான் முதல் தடவை. நானாக எங்கே ஏறினேன், சாதிக்தான் ஏற்றினான். முன் சீட்டு என் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. பிஸ்மில்லா சொல்லித் தூக்கி உட்கார வைத்தான். "ஒங்க அத்தா இருந்தவரைக்கும் ஒருநாளும் என்னை இவ மடியில உக்கார விடல" என்றேன்.

சோதனைக் கூடத்தில் இருந்தவர் தலைப்பாகை கட்டிய பஞ்சாப்காரர். சாதிக்கும் அவரும் ஹிந்தியில் பேசிக்கொண்டார்கள். வண்டியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், விளக்குப் போட்டுப் பார்த்தார். பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் என்னமோ கேட்டார். சாதிக் முகம் சுருங்கியது.

"என்னடா சொல்றாரு?"

"உள்ள கூரையோட ஓரத்துல நாலு கொக்கி வெல்டிங் வச்சிருக்காம்மா. ஆக்சிடெண்ட்டுன்னா பின்னாடி இருக்குறவங்க மண்டைல குத்திடும்ங்கறாரு. அத அறுத்து எடுக்கணுமாம். இல்லன்னா பாஸ் போட மாட்டாராம். எதுக்கு இந்தக் கொக்கின்னு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"அத்தா சட்ட மாட்ட வச்சிருப்பாங்கன்னு சொன்னேன். நானும் அதுலதான் சட்ட மாட்டுவேன்."

சட்டை மாட்ட நாலு கொக்கியா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இறங்கிப் பின்னால் போனேன். பஞ்சாப்காரர் விளக்கைப் பிடித்தார். ரெண்டு கொக்கி முன் சீட்டுக்குப் பின்னால், ரெண்டு பின் கதவு ஓரம். நாலு மூலைக்கு நாலு. சட்டை மாட்டுகிற கொக்கி இல்லை அது. அரியலூர் ஆலை வாசலில் எந்த லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் தெரிகிற கொக்கி.

ஒரு கொக்கியின் கழுத்தில் இறுக்கிச் சுற்றின துணி இன்னும் இருந்தது. மணலும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப் போன துணி. அத்தனை கழுவலுக்கும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தானை நுனியை எச்சில் தொட்டு அதைத் துடைத்தேன். ஊதா. ஓரத்தில் சின்ன மாங்காய். சாதிக்கின் சுன்னத்துக்கு எடுத்த நூல் சேலை.

பஞ்சாப்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாஜிக்குக் குளிரும், உள்ளே உட்காரட்டும்" என்பது போல் ஏதோ சொன்னார். சாதிக் என்னை மறுபடி முன் சீட்டில் ஏற்றினான். கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. பஞ்சாப்காரர் எட்டி, நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டு, ஏசியையும் சோதனைக்காகப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தினார்.

ஊம்ம்ம் என்றது. லேசாக ஒரு தடவை விக்கியது. மறுபடி ஊம்ம்ம்.

கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து "அஸ்ஸலாமு அலைக்கும் ஜொகரா புள்ள" வரவேண்டியதுதான் பாக்கி.

5

வீட்டுக்கு வந்து எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். சேலையைச் சொன்னேன், கேசட்டைச் சொன்னேன், கட்டிலில் சுருண்டு கிடந்ததைச் சொன்னேன். வண்டிக்குள் தூளியில் படுத்த உடம்புக்குக் கட்டிலில் நீளத் தெரியவில்லை, அவ்வளவுதான். சாதிக் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ அங்கதானடா இருந்த. அவரு ரூம்ப நீ பாத்ததே இல்லையா?"

"பண்ணைக்கு நான் போனதே இல்லம்மா. வரேன்னு சொன்னா, 'ரொம்பத் தூரம்டா, மணல்ல மாட்டிக்குவ'ம்பாங்க. வெள்ளிக்கெழமை அவங்கதான் டவுனுக்கு வந்து என்னைப் பாப்பாங்க. நல்லா இஸ்திரி போட்ட சட்டையோட வருவாங்க." பிறகு சொன்னான். "அத்தா ஊருக்குக் கெளம்புன அன்னைக்கு அரபி டவுனுக்கு வந்து சாவி குடுத்தப்ப சொன்னான். பண்ணையில ஒரே ஒரு தகரக் கொட்டகைதான், அதுல தீவன மூட்டைன்னு. ஆளுங்க எங்க படுப்பாங்கன்னு எனக்குக் கேக்கத் தோணல."

ஆயிஷா அவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நன்னா ஹோம்லெஸ்ஸா?"

"ஆயிஷா!" என்று நஸ்ரின் அதட்டினாள்.

"அப்படின்னா என்னடி?" என்றேன். ஆயிஷாவே சொன்னாள். "வூடு இல்லாதவங்க. இங்க கார்ல தூங்குவாங்கல்ல, அவங்க."

"ரெண்டு மாடி வூடு கட்டினவருடி அவரு. குளிக்கற ரூமுக்கே டைல்ஸ் போட்டவரு."

"தென் ஏன் கார்ல தூங்கினாங்க?"

"போயி தண்ணி எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டேன்.

சாதிக் எழுந்தான். "கொக்கிய அறுக்க மாட்டேம்மா. அத்தா கையால வச்சது. பாஸாகலைன்னா போகட்டும். எங்கயாச்சும் ஒரு எடம் வாடகைக்குப் புடிச்சு அப்படியே நிறுத்தி வைக்கறேன்."

"நிறுத்தி வச்சு?"

"இருக்கட்டும்."

"பனியில நின்னு துருப்புடிக்கட்டுங்கறியா?"

அவனுக்கு அத்தாவுக்கு மண் கொடுக்கக் கிடைக்கவில்லை. இப்போது இரும்பை அறு என்றால் எப்படி அறுப்பான்? எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும்தான் அந்தக் கொக்கியை விட்டுக் கை வரவில்லை. ஆனால் ஓட்டியே வாழ்ந்த மனுஷன் அவர், வண்டி ஓடாமல் நின்று துருப்பிடிப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

"சாதிக்கு, இங்க பாரு" என்றேன். "தூங்குனவங்க எந்திரிச்சா படுக்கையச் சுருட்டி வைப்போமா, விரிச்சே வச்சிருப்போமா?"

"அம்மா…"

"அவரு எந்திரிச்சு எவ்வளவோ நாளாச்சுடா. நம்மதான் சுருட்டாம வச்சிருக்கோம். அறுத்துட்டு வா. அந்தத் துணிய மட்டும் கொண்டாந்து என் கையில குடு."

அவன் போய்விட்டான், சாப்பிடாமல். தட்டைச் சூடு பண்ணி மூடி வைத்தேன்.

6

கடைசியில் சாதிக் சம்மதித்து, அந்த ஊதாத் துணியை என் கையில் கொடுத்தான். மாதம் முடிவதற்குள் அறுத்துத் தேய்த்து, மறுபடி காட்டி, பாஸ் ஆகிவிட்டது. ஆபீஸில் வரிசையில் நின்று தகடு வாங்கி வந்தான் சாதிக். வந்த உடனே பனியில் நின்றே அதை வண்டியில் வைத்துத் திருகினான். "நம்பர் என்னடா?" என்றேன். வாசித்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து பிடிபடாது. நல்ல நம்பராகத்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

இந்த நாட்டில் தங்க எனக்கு இன்னும் ஒரு தாள் பாக்கி. அது வரட்டும், வராமல் போகட்டும். அவளுக்கு வந்துவிட்டது. அவளை நான் இப்போது அப்படிக் கூப்பிடுவதும் இல்லை. இவ்வளவு காலம் என் சேலையில் அவரைத் தொங்கவிட்டு, அவர் தூங்குகிற நேரம் எல்லாம் ஊம்ம்ம் என்று தாலாட்டிக்கொண்டிருந்தவளைச் சக்களத்தி என்று சொன்னால் அல்லாஹ் கேட்பான்.

ஆனால் சேலை விஷயத்தில் மச்சான் சொன்ன பொய் ஒன்று நிற்கிறது. எனக்கு அது உறுத்தியது. ஒருநாளும் என்னிடம் பொய் சொல்லாதவர் என்று நான் ஊர் முழுக்கப் பெருமை அடித்தவள். மும்தாஜ் காதுக்கு இது எட்டினால் என்னை விடமாட்டாள்.

பனி கொஞ்சம் விட்ட ஒரு பகலில் என் பெட்டியைத் திறந்தேன். ஊரில் இருந்து கொண்டுவந்ததில் நூல் சேலை ஒன்று நல்ல பழசு, பச்சை. நடுவில் கிழித்தேன். வாளியில் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். கை எட்டுகிற வரைக்கும் அவளைத் துடைத்தேன். கதவு, கண்ணாடி, விளக்கு. உள்ளே ஏறி, கொக்கி அறுத்த நாலு தழும்பையும் துடைத்தேன். இடுக்கில் இருந்து இன்னும் கொஞ்சம் மணல் வந்தது. அந்த ஆபீஸ்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆயிஷா பையோடு நின்று பார்த்தாள். "நன்னி, என்ன பண்றீங்க? இங்க கார்வாஷ் இருக்கு."

"அதுல நூல் சேல இருக்காடி?"

"எதுக்கு சாரி?"

"வண்டி தொடைக்கத்தான்" என்றேன்.

அவள் பையை வைத்துவிட்டுச் சேலையின் மறு பாதியை எடுத்துக்கொண்டாள். எனக்கு எட்டாத கூரையை அவள் துடைத்தாள்.